கால் வோல்ட்டுக்கும் குறைவு

நான் ரொட்டிக் கடையில் அடுப்படி வேலை பார்க்கிறவன். மற்றவர்கள் எழுந்திருப்பதற்குள் முதல் ஈடு ரொட்டி அடுப்பிலிருந்து வெளியே வந்துவிட வேண்டும் என்பதால், அவர்கள் மத்தியானச் சாப்பாட்டுக்கு உட்காரும்போது என் நாள் முடிந்துவிடும். ஒரு மணிக்கு வீடு வந்து, தலைமயிரில் ஒட்டிய மாவைக் கழுவிவிட்டுப் படுத்தால் ஐந்து மணிவரை தூக்கம். தூக்கம் என்று சும்மா சொல்வதுதான். கண்ணை மூடலாம், காதை எதைக்கொண்டு மூடுவது? அந்த வருஷத்து வெயிலில் அப்படி அரைத்தூக்கத்தில் கிடந்தபோதுதான் அந்த வாக்கியங்கள் வர ஆரம்பித்தன.

"சிவப்புக் குடை மரத்தடியில் தனியாக நிற்கிறது."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு,

"ஏழு மீன்கள் ஒரே திசையில் திரும்பின."

"நீங்கள் கேட்ட புத்தகம் என்னிடம் இல்லை."

"ஆற்றுக்கு அக்கரையில் யாரோ விளக்கை அணைத்தார்கள்."

கனவு என்றுதான் முதலில் நினைத்தேன். அந்தக் குடையைக்கூடப் பார்த்தேன், கம்பி ஒன்று வளைந்திருந்தது. ஆனால் குரல் தெரிந்த குரல். இந்த ஊரில் பஸ் ஏறிய எவருக்கும் தெரிந்த குரல். "தடம் எண் பதினேழு, நடைமேடை நான்கிலிருந்து இன்னும் சற்று நேரத்தில் புறப்படும்" என்று இருபத்தொரு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கும் குரல். பஸ் நிலையத்து அறிவிப்பு அறையில் வேலை பார்ப்பவர்; தெருவே மைக்கம்மா என்றுதான் கூப்பிடும். எங்கள் கட்டடத்தின் மூன்றாவது மாடியில் இரண்டே வீடு, ஒன்று என்னுடையது, மற்றது அவர்களுடையது. இரண்டு சமையலறை ஜன்னலும் நேருக்கு நேர். நடுவில் வெளிச்சத்துக்காக விட்ட இரண்டு முழ இடைவெளிதான். அங்கே மிளகு வறுத்தால் இங்கே எனக்குத் தும்மல் வரும்.

மைக்கம்மாவின் கணவர் லிஃப்ட் மெக்கானிக். பெரிய பெரிய கட்டடங்களின் லிஃப்டெல்லாம் அவர் கை பட்டவை. அவர் குடியிருப்பதோ லிஃப்ட் இல்லாத மூன்றாவது மாடி. அதைச் சொல்லிச் சிரிக்காத ஆள் தெருவில் கிடையாது. அன்று சாயங்காலம் மாடிப்படியில் அவரைப் பார்த்தபோது கேட்டேன்.

"என்ன தம்பி, வீட்ல என்ன வாசிக்கிறாங்க? கவிதையா?"

அவர் பையைக் கீழே வைத்தார். கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டார்.

"அண்ணே, உங்ககிட்ட சொல்லல. தொண்டையில கட்டி. குரல்வளையை மொத்தமா எடுத்துடணும்னு சொல்லிட்டாங்க."

கையிலிருந்த ரொட்டிப் பொட்டலத்தை நீட்டினேன். அவர் வாங்கிக்கொண்டார்.

"உயிருக்கு ஒண்ணும் இல்லையாம். எடுத்துட்டா சரியாயிடுமாம். குரல்தான் போயிடும். அந்த ஆஸ்பத்திரியில பேச்சுப் பயிற்சி குடுக்கிற அம்மா ஒருத்தங்க ஒரு புரோகிராம் குடுத்தாங்க. ஆயிரத்து இருநூறு வாக்கியம் இருக்கு. அத்தனையும் இவ வாசிச்சுக் குடுத்தா கம்ப்யூட்டர் இவ குரலைக் கத்துக்கும். அப்புறம் நாம என்ன எழுதினாலும் இவ குரல்லயே பேசும்."

"குடை, மீனெல்லாம் அதுதானா?"

"அதுதான். அர்த்தத்துக்காக இல்ல, எல்லா ஓசையும் வரணுமாம்." சற்று நிறுத்தி, "அக்கரையில யாரோ விளக்கை அணைச்சதும் ராத்திரியெல்லாம் எனக்கு அதே நெனப்பு. யாரு அணைச்சாங்கன்னு" என்றார்.

அடுத்த பத்து நாளும் அந்த வாக்கியங்களில்தான் தூங்கினேன். அடுப்பில் தட்டைத் தள்ளும்போதும் மனசுக்குள் அவை ஓடும். ஆயிரத்து இருநூறாவதை அவர் வாசித்தது ஒரு சனிக்கிழமை. "கதவைத் திறந்தேன், வெளியே எல்லாம் வெள்ளையாக இருந்தது." அதற்குப் பிறகு சத்தமில்லை. எனக்குத் தூக்கம் வரவில்லை.

மறுநாள் ஞாயிறு, கடை விடுமுறை. பதினோரு மணிக்கு அவர்கள் கதவு திறந்தே கிடந்தது. எட்டிப் பார்த்தால் கூடத்து மேஜையில் அந்தப் பழைய கம்ப்யூட்டர் பக்கத்துத் தகடு கழற்றப்பட்டு வயிறு தெரியக் கிடந்தது. அதைச் சுற்றி மூன்று பேர். மூன்றாவது ஆள் மைக்கம்மாவின் தங்கை. பல்செட்டு செய்யும் கூடத்தில் வேலை. மெழுகில் பல் செதுக்கி, பீங்கானில் பூசிச் சுட்டெடுப்பாள். அக்கா வீட்டுக்காரர் வைத்த பெயர் பல்லு. அவளும் அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்ப்பாள். அந்தக் கம்ப்யூட்டரே அவள் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் கார் ஓட்டும் விளையாட்டுக்காகப் பாகம் பாகமாக வாங்கித் தானே பூட்டியது. பிறகு அக்கா வீட்டுக்கு வந்துவிட்டது.

"வாங்கண்ணே" என்றார் மைக்கம்மா. குரல் சற்றுக் கரகரத்திருந்தது. "வந்து இவங்க சண்டையைத் தீத்து வைங்க."

"என்னம்மா சண்டை?"

"கத்துக்க எத்தனை நாள் ஆகும்னு இப்பதான் காட்டிச்சு. ஒன்பதரை நாளாம். நான் அடுத்த திங்கக்கிழமை சாயங்காலம் ஆஸ்பத்திரியில சேரணும். எட்டு நாள்தான் இருக்கு."

"அப்புறம் முடிஞ்சா என்ன? அது பாட்டுக்கு ஓடட்டுமே."

பல்லு தலையாட்டினாள். "அது முடிஞ்சப்புறம் அக்கா உக்காந்து கேக்கணும்ண்ணே. எங்க தப்பா சொல்லுதோ அதைத் திரும்ப வாசிச்சுக் குடுத்துத் திருத்தணும். ஆபரேஷனுக்கு அப்புறம் யாரு வாசிப்பா?"

எனக்குச் சுருக்கென்றது. "புது கம்ப்யூட்டர் ஒண்ணு ஏற்பாடு பண்ணிடலாமே?"

"பண்ணாம இருப்போமா?" என்றார் லிஃப்ட்காரர். "வாசிக்க ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே புதுசு ஒண்ணு கொண்டுவந்து ரெண்டு நாள் மல்லுக்கட்டினோம். இது பழைய புரோகிராம், புதுசுல திறக்கவே மாட்டேங்குது. அந்த ரெண்டு நாளும் போனதுதான் மிச்சம்."

"இன்டர்நெட்ல அனுப்பினா ஒரே நாள்ல முடிச்சுத் தர்றவங்க இருக்காங்க" என்றாள் பல்லு, அக்காவைப் பார்க்காமல்.

"வேணாம்னு சொல்லிட்டேன்ல?" என்றார் மைக்கம்மா. "என் குரலை எங்கயோ இருக்கிற யாருகிட்டயோ குடுத்துட்டு, நாளைக்கு அது பல்பொடி விளம்பரத்துல வந்து என்னையே வாங்கச் சொல்லும். ஊருக்குக் குடுத்த வரைக்கும் போதும். மிச்சம் இந்த வீட்டுக்குள்ளேயே இருக்கட்டும்."

அதனால் இருக்கிற கம்ப்யூட்டரையே விரட்டுவது என்று முடிவாகியிருந்தது. அதில்தான் சண்டை. பல்லு எனக்கு விளக்கினாள். உள்ளே நடுவில் இருக்கும் பிராசசர் ஒரு கணக்கான வேகத்தில் ஓடுகிறது, இரண்டு புள்ளி நான்கு கிகாஹெர்ட்ஸ். அதை மூன்று புள்ளி இரண்டுக்குத் தள்ளிவிட்டால் ஒன்பதரை நாள் வேலை ஏழு நாளில் முடியும். வேகத்தை ஏற்ற அந்தக் கம்ப்யூட்டரிலேயே வழி இருக்கிறது. ஏற்றியும் பார்த்தாள். பத்து நிமிஷத்தில் திரை உறைந்து நின்றுவிட்டது.

"ஓடச் சொன்னா போதுமா, சாப்பாடு போட வேணாமா?" என்றார் லிஃப்ட்காரர். "வோல்டேஜ் பத்தல. எங்க மோட்டாரும் அப்படித்தான்."

"போர்டுல வோல்டேஜை ஏத்துற வசதியே குடுக்கல மாமா. ஆனா இதே போர்டை வச்சிருந்த ஒருத்தர் பல வருஷம் முன்னாடி எழுதி வச்சிருக்காரு. பாருங்க." அவள் ஒரு தாளைக் காட்டினாள். "இங்க எள்ளுக்குப் பாதி சைஸ்ல ஒரு ரெசிஸ்டர் இருக்கு. அதுதான் எவ்வளவு வோல்டேஜ் போகுதுன்னு வேவு பாத்து சொல்லுது. அது மேல பென்சிலைத் தேச்சா, கரியும் கொஞ்சம் கரண்ட்டைக் கடத்தும். அப்போ போர்டு வோல்டேஜ் கம்மியா இருக்குன்னு நெனச்சு ஏத்திக் குடுக்கும்."

"ஏமாத்து வேலை" என்றேன்.

"ஆமா. ஆனா ரப்பர் போட்டா அழிஞ்சிடும்."

"கூடிப்போனா?" என்று கேட்டார் லிஃப்ட்காரர். "ஒரு கோடு அதிகமாப் போட்டா? பிராசசர் பொரிஞ்சிடும். அப்புறம் ஒன்பதரை நாளும் இல்ல, ஏழு நாளும் இல்ல. சும்மா விட்டா முக்கால்வாசியாவது தேறும்ல?"

"முக்கால்வாசி குரல் எப்படி மாமா இருக்கும்?"

எல்லோரும் மைக்கம்மாவைப் பார்த்தோம். அவர் நாற்காலியில் காலை மடக்கி உட்கார்ந்து, கழுத்தில் சுற்றியிருந்த துணியை நீவிக்கொண்டிருந்தார்.

"அடுத்த வாரம் என் கழுத்துல கத்தி வைக்கப் போறாங்க" என்றார். "அதுக்கு நான் சரின்னு கையெழுத்துப் போட்டேன். இதுக்கு வெறும் பென்சில்தான? போடு பல்லு."

மத்தியானம் மூன்று மணிக்கு அந்த வேலை நடந்தது. ஜன்னல் வெயில் மேஜையில் ஒரு சதுரமாக விழுந்திருந்தது. பல்லு தன் கூடத்திலிருந்து கொண்டுவந்த உருப்பெருக்கிக் கண்ணாடியைத் தலையில் மாட்டினாள். மெத்தென்ற கரிப் பென்சிலை ஊசி போலச் சீவினாள். சீவின தூள் போர்டில் விழாமல் இருக்க மைக்கம்மா உள்ளங்கையைக் குழித்து ஏந்தினார். நான் சும்மா நின்றேன், ஆனால் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன்.

நான்கு முறை தேய்த்தாள். லிஃப்ட்காரர் தன் மீட்டரின் இரண்டு முனைகளையும் வைத்தார். முதலில் மின்சாரமில்லாமல் அளந்தார்கள். பிறகு ஓடவிட்டு அளந்தார்கள்.

"ஒண்ணு புள்ளி இருபத்தஞ்சு இருந்தது. இப்ப ஒண்ணு முப்பத்தொண்ணு."

"இன்னும் வேணும். நிறுத்துங்க."

மறுபடி அணைத்தார்கள், மறுபடி தேய்த்தாள். அவள் கை ஆடவே இல்லை. ஆயிரம் வாய்க்குப் பல் வைத்த கை. லிஃப்ட்காரரின் கைதான் ஆடியது, அவர் இன்னொரு கையால் அதைப் பிடித்துக்கொண்டு அளந்தார்.

"ஒண்ணு நாப்பத்திரண்டு. போதும். போதும் பல்லு, கீழ வை."

"அவ்வளவுதானா?" என்றார் மைக்கம்மா. "கால் வோல்ட்கூட இல்லையே. இதுக்கா இந்த ஆர்ப்பாட்டம்?"

"உன் தொண்டையில இருக்கிறதும் கடலை அளவுதான்" என்றார் அவர். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று தெரிந்தது போல மீட்டரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

வேகத்தை ஏற்றி ஓடவிட்டார்கள். பத்து நிமிஷம் ஆனது, அரைமணி ஆனது, ஒரு மணி ஆனது. திரை உறையவில்லை. ஏழு நாள் நான்கு மணி என்று காட்டியது. நான் வீட்டுக்குப் போய் மீதியிருந்த பன்னைச் சூடாக்கி எடுத்துவந்தேன். நான்கு பேரும் நின்றபடியே தின்றோம்.

அந்த வாரம் முழுக்க எங்கள் மாடியில் ஒரே ஓசை. கம்ப்யூட்டரின் சொந்தக் காற்றாடி போதாதென்று, லிஃப்ட்காரர் மோட்டார் அறையில் பழசாகிக் கிடந்த ஊதுகுழாய் விசிறி ஒன்றைக் கொண்டுவந்து, அட்டையை மடித்துப் பாதை செய்து, காற்று நேரே பிராசசர் மேல் விழும்படி கட்டியிருந்தார். சூடு பார்க்க என் அடுப்புத் தெர்மாமீட்டரைக் கொடுத்தேன். அதன் நீளக் கம்பியின் முனைதான் சூட்டை உணரும். கேக் நடுவில் குத்துகிற அந்த முனையை அலுமினியத் தகடுகளுக்கு நடுவே செருகினோம். எழுபதுக்கு மேல் போனால் கவலைப்பட வேண்டும், எண்பது தாண்டினால் அணைத்துவிட வேண்டும் என்று பல்லு ஒரு சீட்டில் எழுதி ஒட்டினாள்.

வெயில் அப்படி ஒரு வெயில். தார் இளகித் தெருவில் செருப்பு ஒட்டியது. நான் படுக்கும்போது அந்த ரீங்காரம் ஜன்னல் இடைவெளியைத் தாண்டி வந்து என் கட்டிலுக்குக் கீழே தங்கும். தூக்கத்துக்குள் அது தேனீ ஆகும், மாவு பிசையும் மெஷின் ஆகும், மேலே மேலே போய்க்கொண்டே நிற்காத ஒரு லிஃப்ட் ஆகும். அந்த லிஃப்டில் சிவப்புக் குடையோடு யாரோ நிற்பார்கள். விழித்தால் மணி நான்கு இருக்கும். என் சமையலறை ஜன்னலுக்கு வந்தால், எதிர் ஜன்னல் வழியே அவர்கள் கூடத்தில் மைக்கம்மா, கம்ப்யூட்டர் பெட்டியின் தலையில் உள்ளங்கையை வைத்தபடி நிற்பார், காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பது போல.

"எத்தனைம்மா?" என்று ஜன்னலிலிருந்தே கேட்பேன்.

"அறுபத்தேழு. உங்க கேக்கு இன்னும் வேகலண்ணே."

அவர் வேலைக்குப் போவதை வியாழக்கிழமையோடு நிறுத்தினார். கடைசி அறிவிப்பு எந்த பஸ்ஸுக்கு என்று கேட்டேன். "ஞாபகமில்ல. எதுவோ ஒரு பஸ். லேட்டாத்தான் கெளம்பிச்சு" என்றார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் எண்பத்தொன்று ஏறியது. லிஃப்ட்காரர் வேலையில் இருந்தார். மைக்கம்மா என் கதவைத் தட்டினார், நான் லுங்கியோடு ஓடினேன். ஊதுகுழாயின் வாயில் ஒரு பூனைக்குட்டி அளவுக்குப் பஞ்சுத் தூசி அடைத்துக்கொண்டிருந்தது. ரொட்டிக்கு முட்டை பூசும் பிரஷ்ஷால் துடைத்தேன். எழுபத்தெட்டு, எழுபத்து நான்கு, அறுபத்தொன்பது. எண்கள் இறங்க இறங்க இரண்டு பேரும் தரையிலேயே உட்கார்ந்துவிட்டோம். அந்த நேரம் பார்த்து வெளியே மழை பிடித்தது. வருஷத்தின் முதல் மழை. வீட்டுக்குள் மண் வாசனையும் சூடான தகரத்தின் வாசனையும் கலந்து வந்தது. இரண்டு பேரும் வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. பேச நினைத்தால் அவர் பேசியிருக்கலாம். அந்தக் குரலை அப்போது செலவழிக்க அவருக்கு மனமில்லையோ என்னவோ.

ஞாயிற்றுக்கிழமை விளக்கு வைக்கிற நேரத்தில் முடிந்தது. என்னையும் கூப்பிட்டார்கள். பல்லு விசைப்பலகையை அக்காவின் பக்கம் நகர்த்தினாள்.

"எதையாவது எழுதுக்கா."

மைக்கம்மா ஒற்றை விரலால் எழுதினார். ஸ்பீக்கரிலிருந்து குரல் வந்தது.

"ஏங்க, காபி ஆறுது."

அட்சரம் பிசகவில்லை. ஆனால் காபி நடைமேடை நான்கிலிருந்து இன்னும் சற்று நேரத்தில் புறப்படப் போவது போல இருந்தது. முதலில் பல்லு சிரித்தாள். பிறகு நான். மைக்கம்மாவும் கழுத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். லிஃப்ட்காரர் மட்டும் சிரிக்கவில்லை.

"நல்லாத்தான் இருக்கு" என்றார்.

"உண்மையச் சொல்லுங்க."

"நல்லாருக்குன்னு சொல்றேன்ல."

"ஏங்க."

அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "இது பஸ் ஸ்டாண்டு" என்றார். "இது வீட்டுக்கு வராதுடி. வேலைக்குப் போற நீ. வேலையிலேர்ந்து வர்ற நீ இல்ல."

சிரிப்பு அடங்கிப்போனது. மைக்கம்மா எழுந்து ஜன்னல் பக்கம் போனார்.

"மைக்கு முன்னாடி உக்காந்தா தானா அந்தக் குரல் வந்துடுது" என்றார். "நான் என்ன செய்வேன்? ஆயிரத்து இருநூறு வாக்கியத்தையும் ஊருக்கே சொல்ற மாதிரிதான் வாசிச்சிருக்கேன்."

பல்லு தாள்களைப் புரட்டினாள். "திருத்துறதுக்கு ஒரு வழி இருக்குக்கா. ஒரு மணி நேரம் வேற மாதிரி பேசிக் குடுத்தா ஏற்கெனவே கத்துக்கிட்டது மேல அதை ஏத்தி மறுபடி கத்துக்கும். வாசிக்க வேணாம், சும்மா பேசினா போதும். நாளைக்குக் காலையில பண்ணலாம்."

திங்கள் காலை நான் மறுநாளுக்கும் சேர்த்துக் கடைக்கு லீவு சொல்லிவிட்டேன். ஏன் என்று முதலாளி கேட்டார். வீட்டில் ஆபரேஷன் என்றேன். அது பொய் மாதிரியும் தோன்றவில்லை.

மைக்கைக் கூடத்தில் வைத்தால் முதுகு நிமிர்ந்துவிடுகிறது என்று சமையலறைக்குக் கொண்டுபோனார்கள். அலமாரியில், தட்டுத் துடைக்கும் துணிக்குப் பின்னால் மறைத்தாள் பல்லு. மறைத்தது தெரிந்ததுதானே. மைக்கம்மா பாத்திரம் கழுவிக்கொண்டே, "தங்கையே, இன்று வானம் மேகமூட்டமாக இருக்கிறது" என்பது போல எதையோ சொல்லிக்கொண்டிருந்தார். என் சமையலறையில் நின்ற எனக்கே பாவமாக இருந்தது. இருபது நிமிஷம் வீணாகப் போனது. லிஃப்ட்காரர் வாசற்படியில் சாய்ந்து நின்றார்.

"ஒரு வகையில நல்லதுதான்" என்றார் திடீரென்று. "நாளையிலேர்ந்து வீடு அமைதியா இருக்கும்."

பாத்திரச் சத்தம் நின்றது.

"என்ன சொன்னீங்க?"

"வீடு அமைதியா இருக்கும்னேன்."

"ஓகோ. அப்ப இத்தனை வருஷமா இந்த வீட்ல சத்தம் போட்டது நானு? விடியக்காலையில தொண்டையக் காறிக் காறி நாலு தெருவ எழுப்புறது யாரு? குளிக்கப் போனா பாட்டு, குளிச்சிட்டு வந்தா தும்மல். செருப்பக் கழட்டினா கீழ்வீட்ல விளக்கு ஆடுது. ஊருக்கெல்லாம் லிஃப்ட் போட்டுக் குடுத்துட்டு, இங்க ஒவ்வொரு மாடியிலயும் நின்னு ஒரு பெருமூச்சு விடறது யாரு? மூணு பெருமூச்சு கேட்டாத்தான் நான் காபியே போடுவேன், தெரியுமா? அமைதியாம்ல! இந்தக் குழாயை என்னைக்காவது ஒழுங்கா மூடியிருக்கீங்களா? அது பாட்டுக்குச் சொட்டுச் சொட்டுன்னு, நான் எந்திரிச்சு வந்து மூடணும்..."

"சரி, விடு."

"என்ன விடு? ஒரு மாசமா விட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். டாக்டர் என்ன சொன்னாலும் தலைய ஆட்டுறீங்க. ஆஸ்பத்திரியில எல்லார்கிட்டயும் பேசுறீங்க, வாட்ச்மேன்கிட்டகூடப் பேசுறீங்க. வீட்டுக்கு வந்தா விசிறி கட்டுறீங்க, அட்டைய மடிக்கிறீங்க, மீட்டரை வச்சு அளக்குறீங்க. என்கிட்ட ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை, பயமா இருக்குன்னு சொன்னீங்களா?"

குழாயை இறுக்கி மூடும் சத்தம் கேட்டது.

"பயமா இருக்கு."

"என்ன?"

"பயமா இருக்குன்னேன். நான் உள்ள வந்ததும் நீ 'யாருங்க அது'ன்னு கேப்ப. நான்தான்னு தெரியும், ஆனாலும் கேப்ப. இனிமே நான் உள்ள வந்தா யாரும் கேக்க மாட்டாங்க. நான் பாட்டுக்கு வந்து நிப்பேன். அதை நெனச்சாத்தான்..."

"அட, என்னங்க நீங்க." மைக்கம்மாவின் குரல் இறங்கியிருந்தது. அப்படி ஒரு குரலை ஒலிபெருக்கியில் நான் கேட்டதே இல்லை. "எங்க போயிடப் போறேன் நான்? குரல்தான போகுது. இங்கயேதான் இருப்பேன். கையில கரண்டி இருக்கும். சத்தம் வரலைன்னா கரண்டி வரும். இங்க பாருங்க. பாருங்கன்னா. எனக்கும்தான் பயம். சொன்னா உங்க கை இன்னும் ஆடும்னுதான் சொல்லல. மூக்கைத் துடைங்க. ஐயோ, அந்தத் துணியில வேணாம், அதுக்குப் பின்னாடி மைக் இருக்கு."

பல்லு வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடிவந்தது என் ஜன்னலில் தெரிந்தது. அழுதாளா சிரித்தாளா என்று எனக்குத் தெரியவில்லை. அதற்கப்புறம் அரைமணிக்கு மேல் அவர்கள் இரண்டு பேரும் பேசிக்கொண்டே இருந்தார்கள். நான் ஜன்னலைச் சாத்திவிட்டேன்.

பதினோரு மணிக்கு அதை ஏற்றிக் கம்ப்யூட்டரில் போட்டார்கள். இருபத்திரண்டு மணி நேரம் என்று காட்டியது. ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப ஏழு மணி நேரம்தான் இருந்தது.

"இன்னும் ஏத்தினா?" என்று லிஃப்ட்காரர்தான் கேட்டார். ஒரு வாரத்துக்கு முன்னால் வேண்டாம் என்றவர். "இன்னும் ரெண்டு கோடு போட்டா?"

"இதுக்கு மேல தாங்காது மாமா. நாலு கோடு போட்டாலும் ஏழு மணி நேரத்துல முடியாது."

"கொஞ்சமாவது கொறையும்ல? இவ கேக்காம எப்படி? இதுதான் நான்னு இவதான சொல்லணும்?"

அவர் பென்சிலைக் கையில் எடுத்துவிட்டார். மைக்கம்மா வந்து அவர் விரல்களிலிருந்து அதை உருவி, பல்லுவின் பைக்குள் போட்டார்.

"அது பாட்டுக்கு நிதானமாக் கத்துக்கட்டும்" என்றார். "என் குரல் எப்படி இருக்கும்னு எனக்கு என்ன தெரியும்? நான் உள்ளேயிருந்துதான் கேட்டிருக்கேன். வெளியேயிருந்து கேட்டது நீங்க. அது நான்தானான்னு நீங்க சொல்லுங்க. நீங்க சொன்னாச் சரி."

சாயங்காலம் மூவரும் போய்விட்டார்கள். சாவியை என்னிடம் கொடுத்தார்கள். நான் அந்தக் கூடத்து நாற்காலியிலேயே உட்கார்ந்து தெர்மாமீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இடையிடையே கண்ணயர்ந்தேன். அறுபத்தாறு, அறுபத்தெட்டு. மறுநாள் காலை ஒன்பதே காலுக்கு ஒரு சின்ன மணியோசை கேட்டது. திரையில் 'முடிந்தது' என்று வந்தது. எட்டு மணிக்கே மைக்கம்மாவை உள்ளே கொண்டுபோயிருப்பார்கள். விசைப்பலகை என் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. எதையாவது எழுதி அழுத்தினால் போதும். அதை முதலில் கேட்க வேண்டியவன் நான் இல்லை என்று தோன்றியது. பல்லு சொல்லியிருந்தபடி அணைத்துவிட்டு, விசிறியையும் நிறுத்தினேன். எட்டு நாளாகக் கேட்ட ரீங்காரம் போனதும் காதுக்குள் வெற்றிடமாக இருந்தது.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மூன்று வாரம் கழித்து மைக்கம்மா வீட்டுக்கு வந்தார். கழுத்தில் மூச்சுக்கு ஒரு சின்னத் துளை, அதன்மேல் வலைத்துணி. மெலிந்திருந்தார். என்னைப் பார்த்ததும் சிரித்தார், சிரிப்பிலும் சத்தமில்லை. பல்லு குரலை ஒரு கைக்கடக்கமான கருவியில் ஏற்றிக் கொடுத்திருந்தாள். மைக்கம்மா அதைத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்தாரே தவிரத் தொடவில்லை. ஒரு நோட்டில் எழுதிக் காட்டினார். 'பால் வேணுமா', 'உக்காருங்கண்ணே', 'வலி இல்ல'. லிஃப்ட்காரரும் அந்தக் கருவியைப் பற்றிக் கேட்கவில்லை. அவர் அந்தக் குரலை ஒருமுறையாவது கேட்டாரா என்றுகூட எனக்குத் தெரியாது.

"எதுக்கு அவசரப்படுத்தணும்?" என்றார் ஒரு நாள். "எழுத்து அழகாத்தான இருக்கு."

இப்படியே பன்னிரண்டு நாள் போனது. அதற்குள் மழைக்காலம் நன்றாக இறங்கிவிட்டது. அன்று மத்தியானம் நான் படுத்திருந்தேன். எதிர் வீட்டில் லிஃப்ட்காரர் சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார், பலகையில் கத்தி படும் சத்தம் தாளமாக வந்துகொண்டிருந்தது. வெளிச்சம் மங்கியது. எங்கோ இடி உருண்டது. அரைத்தூக்கத்தில் நான் மாவு பிசைந்துகொண்டிருந்தேன், இல்லை, ஆற்றங்கரையில் நின்றுகொண்டிருந்தேன்.

"ஏங்க. மழை வருது பாருங்க. மாடியில துணி கெடக்கு."

"இதோ, எடுக்கறேன்டி" என்றார் லிஃப்ட்காரர். "ஒரு நிமிஷம் பொறு. கையெல்லாம் வெங்காயம்."

கத்திச் சத்தம் நின்றது. கதவு திறந்தது. செருப்பில்லாத கால் மொட்டைமாடிப் படியில் ஏறும் சத்தம், ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. அதோடு நின்றுவிட்டது.

நான் எழுந்து கதவைத் திறந்தேன். அவர் ஐந்தாவது படியில் ஒரு காலும் நான்காவதில் ஒரு காலுமாக, ஈரக் கையைத் தூக்கிப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்தார், ஆனால் பார்க்கவில்லை. அவர் வீட்டுக் கதவு திறந்திருந்தது. உள்ளே கட்டிலில் மைக்கம்மா நிமிர்ந்து உட்கார்ந்து, இரண்டு கையாலும் அந்தக் கருவியைப் பிடித்துக்கொண்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மேலே தகரக் கூரையில் முதல் துளிகள் விழுந்தன. லிஃப்ட்காரர் திரும்பினார். நான்கு படியும் இறங்கி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அன்றைக்கு அந்தத் துணியை யாரும் எடுக்கவில்லை.